கோழிப்பண்ணை அறிக்கை

பாடம் படித்தவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது பாடம் முடித்தவர்களை. அது வேறு இனம். ஓசூரில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. நமக்கு ஒருவர் போதும். தனியார் மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கும் சிவராஜ்.

கிருமிகளின் மரபணுத் தொடரை, அதாவது ஜீனோமை, கணினியில் அலசும் வித்தையில் சிவராஜ் பதினோரு இணைய வகுப்புகளை முடித்தவர். காணொளியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அது பாட்டுக்கு ஓடும்போது சூளகிரிப் பக்கம் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டி ஹாரன் அடித்து, தேர்வில் தப்பான விடைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கடைசியில் சரியானதை அடைந்து, சான்றிதழ் வந்த நிமிடமே அதை இணையத்தில் ஏற்றி, 'பணிவுடன் பகிர்கிறேன்' என்று எழுதுவார். பணிவா? அது பதிவோடு சரி. பாடத்திலிருந்த கட்டளை வரிசையை ('பைப்லைன்' என்பார்கள்) அப்படியே எடுத்துக் கணினியின் கறுப்புத் திரையில் ஒட்டுவார். எழுத்துகள் சரசரவென்று ஓடும். பிழை என்று எதுவும் வராவிட்டால், "பைப்லைன் ஓடிருச்சு!" என்பார். ஓடி எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

சென்ற ஆடியில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் மூன்று குழந்தைகளுக்கு ரத்தத்தில் தொற்று. மூன்றும் ஒரே கிருமியின் கிளைகள் என்றால், அது வார்டுக்குள்ளேயே பரவுகிறது. உடனே மூட வேண்டும். இல்லையென்றால் அஞ்செட்டியிலிருந்து வந்து வெளியே காத்திருந்த நஞ்சம்மாவின் குழந்தையை அங்கே சேர்க்கலாம். பெங்களூரிலிருந்து மரபணுத் தொடர்கள் வந்ததும், ஆய்வகத் தலைவர் டாக்டர் அனிதா அவற்றைச் சிவராஜிடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரம்தான். வண்ணப் படங்களோடு அறிக்கை: மூன்றுக்கும் உறவில்லை. நஞ்சம்மாவின் குழந்தைக்குப் படுக்கை தயாரானது.

அறிக்கையைப் புரட்டிய டெக்னீஷியன் சம்பங்கி நிமிர்ந்தாள்.

"சார், இதுல கிருமி பேரு சால்மோனெல்லான்னு போட்டிருக்கு. குழந்தைங்க ரத்தத்துலேர்ந்து நான் தட்டுல வளர்த்தது கிளெப்சியெல்லா ஆச்சே?"

"தட்டெல்லாம் அந்தக் காலம், சம்பங்கி. ஜீனோம் பொய் சொல்லாது."

"அது சொல்லாதுங்க சார். யாரோட ஜீனோம்னுதான் கேக்கறேன்."

டாக்டர் அனிதா கட்டளையைத் திறந்து பார்த்தார். குழந்தைகளின் கோப்புப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பயிற்சிக்கென்று பாடத்தில் கொடுத்திருந்த மாதிரிக் கோப்பே இருந்தது. சிவராஜ் அதை மாற்றவே இல்லை. எந்த நாட்டிலோ இருக்கும் கோழிப்பண்ணைகளின் கிருமிகளை நுணுக்கமாக அலசி, ஓசூர்க் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை என்று எழுதியிருந்தார். கோழிகளைப் பொறுத்தவரை, அறிக்கையில் ஒரு குறையும் இல்லை.

"நிறுத்துங்க! அந்தக் குழந்தைய உள்ள கொண்டுபோவாதீங்க!" சம்பங்கி படியிறங்கி ஓடினாள். வார்டு வாசலில், நர்ஸின் கைக்கு மாறியிருந்த குழந்தை மறுபடி நஞ்சம்மாவிடமே வந்தது.

சரியான கோப்புகளை வைத்துப் பார்த்தபோது, மூன்றும் அச்சு அசல் ஒரே கிருமி. அன்று மாலையே வார்டை மூடினார்கள். அன்று மாலையே சிவராஜ் பன்னிரண்டாவது வகுப்பில் சேர்ந்தார். தலைப்பு, 'பிழைகளைத் தவிர்ப்பது எப்படி'. இரட்டை வேகத்தில்தான்.

சிரித்தது போதும். கடைசி வரி வரை வந்துவிட்டீர்கள், பாராட்டுகள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த கிருமியின் பெயர் என்ன? மேலே பார்க்கக் கூடாது.