ஜீப்பில் வந்தது சீர் நெல் அல்ல

பூதலூர்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர் ஜெக்கரியா அவர்களுக்கு, நெல் வியாபாரி சவரிராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்க அக்கா செபஸ்தியம்மாளும் மாதா புண்ணியத்தில் நலம். குத்தாலத்தில் நீங்களும் பிள்ளைகளும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். கல்யாணப் பெண் பிரின்ஸிக்கு இந்த மாமாவின் ஆசீர்.

நடந்தது இதுதான். நம் பிரின்ஸியின் நிச்சயதார்த்தத்தன்று, என் ஜீப்பிலிருந்து வலங்கைமான் சம்பந்தி வீட்டார் தங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போன ஆறு மூட்டை நெல், சீர் நெல் இல்லை. சாப்பிடுகிற நெல்லும் இல்லை. என் குடோன் தரையைக் கூட்டி அள்ளிய, மண்ணும் கல்லும் கலந்த கூட்டல். இதைப் போனில் சொல்ல முடியாது. நான் போனை எடுத்தாலே உங்க அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

கூட்டலை எதற்கு ஜீப்பில் ஏற்றினீர்கள் என்று கேட்பீர்கள். உங்க அக்காவின் இடுப்பு வலி உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் கரையில் என் பழைய ஜீப்பில் போய் வந்தால் மறுநாள் எழுந்திருக்க மாட்டாள். நல்ல ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாற்றிவிடுவோம் என்று தஞ்சாவூரில் ஹம்தான் பட்டறையில் வண்டியை விட்டேன். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே ஒரே விலையில் இரண்டு வகைப் பட்டை ஸ்பிரிங் இருந்தது, ஒன்று மெலிசு, ஒன்று தடிப்பு. ஒரே விலை என்றால் மெலிசை வாங்க எனக்கு மனசு வருமா? “அண்ணே, இது லோடு அடிக்கிற வண்டிக்கு. ஆள் போற வண்டிக்கு மெலிசுதாண்ணே சுகம்” என்றான் ஹம்தான். “தடிப்பா இருக்கறத ஒளிச்சு வச்சு யாருக்கு விக்கப் போற? போடுப்பா” என்றேன். ஷாக்கும் இருப்பதிலேயே முரட்டு ஷாக். வண்டி ஒரு சாண் உயர்ந்து, உங்க அக்கா ஏற முக்காலி போட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகையில், கோயில் வாசல் வேகத்தடையில் வண்டி குதித்த குதியில் அவள் தலை கூரையில் இடித்தது, கையிலிருந்த காணிக்கைக் காசு முன்கண்ணாடியில் போய் விழுந்தது. “இடுப்புக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, இடுப்பையே கழட்டி மாத்தப் பாக்கறீங்களா?” என்றாள். மறுபடி ஹம்தானிடம் போய் நிற்க எனக்கு ரோஷம். மூட்டை ஏற்றிப் பார்த்தேன். பின்னால் ஆறு மூட்டை விழுந்ததும் வண்டி தெப்பம் மாதிரி மிதந்தது. நல்ல நெல்லைப் பாரத்துக்காக ஊர் சுற்றவிட நான் என்ன பைத்தியமா? கூட்டலை மூட்டை பிடித்தேன். நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது குத்தாலம் வரை உங்க அக்கா தூங்கிக்கொண்டே வந்தாள்.

நான் பந்தியில் ரசம் வாங்கிக்கொண்டிருந்த நேரம், மாப்பிள்ளையின் சித்தப்பா ஜீப்பை எட்டிப் பார்த்திருக்கிறார். “அத்தை வீட்டுச் சீரு நெல்லாவே வந்திருக்குப்பா, தூக்குங்க!” நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் வேனில் ஏறிவிட்டது. சம்பந்தியம்மா எல்சி எல்லார் முன்னாலும், “தங்கம் குடுக்கறவங்க உண்டு, நெல்லு குடுக்க மனசு வேணும்ண்ணே” என்றார். நான் என்ன செய்ய, கும்பிட்டேன். திரும்பினால் உங்க அக்கா அழுதுகொண்டு நிற்கிறாள். “இத்தன வருசத்துல இன்னிக்குத்தாங்க எங்க மனுசங்க முன்னாடி என்னைத் தலை நிமிர வச்சீங்க” என்கிறாள். ஊர் திரும்பும்போது பின்னால் பாரமில்லை, வழி நெடுக வண்டி குதித்தது. ஒரு வார்த்தை முனகவில்லை மச்சான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகவே, அவங்க அதை மில்லுக்குக் கொண்டு போவதற்குள் நீங்க ஒரு காரியம் செய்ய வேண்டும். நல்ல பொன்னி ஆறு மூட்டை அனுப்புகிறேன். மூட்டை மாறிப்போச்சு என்று ஏதாவது சொல்லி மாற்றிவிடுங்க. பிரின்ஸி போய் வாழப் போகிற வீடு. கல்லு நெல்லு குடுத்த வீட்டுப் பொண்ணு என்று ஒரு சொல் அவள் காதில் விழக்கூடாது. உங்க அக்காவுக்கும் மூச்சு விடாதீங்க. நான் கஞ்சன் என்று பேர் வாங்கிப் பழகினவன், அவளுக்கு அந்த ஒரு நாள் சந்தோஷம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். படித்ததும் கிழித்துப் போடுங்க.

பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். அந்தோணியார் உங்க வாசலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சவரிராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்ட உங்க அக்காவிடம் ரெண்டு பருக்கை சோறு கேட்டேன். “ஒட்டற அளவுக்கு அதுல என்ன இருக்கு?” என்று வாங்கிப் படித்துவிட்டாள். பிறகு, “நிமிந்த தல நிமிந்ததுதான். இப்ப நெல்லையும் குடுங்க” என்று சொல்லி, என் எதிரிலேயே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்தம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அவங்க அன்றைக்கே ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நம் மனசு நோகுமே என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நீங்க ஒன்றும் செய்ய வேண்டாம். பெண்கள் இருவரும் பேசி முடித்தது இது: கூட்டல் முழுதும் எல்சியம்மா வீட்டுக் கோழிகளுக்கு. நல்ல பொன்னி ஆறு இல்லை, பன்னிரண்டு மூட்டை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வேன் வாடகை என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் ஜீப்பில் மெலிசுப் பட்டை, அதுவரை உங்க அக்கா ரயிலில், பை தூக்கிக்கொண்டு நான் பின்னால்.