குழந்தைகளுக்காகச் சைக்கிள் ஏறியவர்

மெல்பர்னிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் எங்கள் ஹார்ஷம் ஊரில் அக்டோபர் பிறந்துவிட்டால் இரண்டு ஜீவன்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்று மேக்பை. கூட்டில் குஞ்சு இருக்கும் பதற்றத்தில் அந்தப் பறவை மரத்திலிருந்து பாய்ந்து வந்து, போகிறவர் வருகிறவர் மண்டையைக் கொத்தும். இன்னொன்று, புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக மாதம் முழுக்கச் சைக்கிள் மிதித்து நிதி திரட்டும் தியாகி. மேக்பையிடமிருந்து குடை பிடித்துத் தப்பலாம். தியாகியிடமிருந்து?

எல்லோரையும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் ஓட்டி, சத்தமில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். சத்தமில்லாததால் அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

இந்த இனத்தின் அசல் மாதிரி வேண்டுமானால் வார்விக்கைப் பாருங்கள். வீடு வாங்கி விற்றுக்கொடுக்கும் தரகர். குழந்தைகளின் துயரம் அவர் நெஞ்சைத் தொட்ட அன்றே கடைக்கு ஓடி, உடம்போடு ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் உடுப்பு, விரல் இல்லாத கையுறை, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஹெல்மெட்டின் உச்சியில் பொருத்த ஒரு கேமரா, அந்தக் கேமரா நனையாமலிருக்க ஒரு உறை என்று எல்லாவற்றையும் வாங்கினார். சைக்கிளைக் கடைசியாக வாங்கினார்.

"டேய் வார்விக், இந்த உடுப்பக் கழட்டிட்டு வா, ரெண்டு மடங்கா தரேன்" என்றான் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் டோபி.

"சிரிச்சுக்கோடா. நான் எனக்காகவா செய்றேன்?"

இந்த இனத்தைக் குரலை வைத்தே அடையாளம் காணலாம். "அந்தப் பிஞ்சுங்க படுற வலிக்கு முன்னாடி என் வலியெல்லாம் ஒரு வலியா?" என்று தொடங்குவார். பிறகு, வலியே அல்லாத அந்த வலி முழங்காலில் ஆரம்பித்து, தொடை வழியாக ஏறி, உட்காரும் இடத்தில் எப்படிக் குடியேறியது என்று, நீங்கள் ரொட்டிக்குள் வைத்த சாசேஜைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விவரிப்பார். கடித்ததை விழுங்குவதற்குள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலோடு கைப்பேசி உங்கள் மூக்குக்கு நேரே நீளும். "போன வருஷத்தவிடக் கொறச்சிட்டியே, வீட்ல ஏதாவது கஷ்டமா?" பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். கொடுக்காமல் என்ன செய்வீர்கள்?

அந்தப் பிஞ்சுகளில் ஒருத்தி அவருடைய பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். இண்டி, ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். மாதக்கணக்கில் மெல்பர்ன் ஆஸ்பத்திரியில் கிடந்தவளை, அடுத்த சுற்று மருந்துக்கு முன்னால் ஒரே ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு வாரமும் தன் கட்டிலில், பிஸ்கட் என்ற தன் நாயைக் காலடியில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். லேசாக உடம்பு சுட்டாலும் போச்சு. அந்த நிமிடமே காரில் ஏறி நாலு மணி நேரம் மெல்பர்னுக்கு ஓட வேண்டும். பிஸ்கட் வர முடியாது.

வார்விக் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "கெர்ரின்! என் கடைசி நாள் ஓட்டத்த உன் வீட்டு வாசல்லதான் முடிக்கப்போறேன். இண்டி அவ கையால எனக்கு மெடல் போடட்டும். பாக்குறவங்க அப்படியே உருகிடுவாங்க!"

இண்டியின் அம்மா கெர்ரின் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "மெடல்லாம் வேணாம் வார்விக். ஜன்னலுக்கு உள்ள இருந்து கையாட்டுவா. அவ உடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தியே இல்ல. ஒரு சளி போதும், மறுபடி மெல்பர்ன்தான். இருமல் தும்மல் இருக்கறவங்க யாரும் கிட்ட வந்துடக் கூடாது."

"எங்கிட்டயா சொல்ற? ஒரு மாசமா நான் வேற எதப் பத்திப் பேசிட்டிருக்கேன்?"

உண்மைதான். பேசிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசி நாள் காலையில் வார்விக் தும்மிக்கொண்டே எழுந்தார். மூக்கு ஒழுகியது, கண் சிவந்திருந்தது, குரல் கட்டியிருந்தது.

"பேசாமப் படுத்துத் தூங்குப்பா" என்றாள் மனைவி ஜாக்கி.

"அந்தக் குழந்தைங்க நோவுக்கு லீவு போடுதா, ஜாக்கி? நான் எனக்காகவா ஓட்டுறேன்?"

"இன்னைக்கு ஒரு நாள் உனக்காகப் படேன்."

படுப்பாரா? ஓய்வெடுக்காமல் இருப்பதுதானே தியாகம்! 'சளியோடும் களத்தில்' என்று தலைப்பிட்டு ஒரு வீடியோ போட்டார். இதயங்கள் குவிந்தன. சளி பிடித்தவர் யார் வீட்டு வாசலுக்குப் போகிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மதியம் கெர்ரின் வீட்டு வாசலில் அலுவலகக் கூட்டம் கைதட்டிக்கொண்டு நின்றது. வார்விக் வந்து இறங்கினார். இருமினார். பையிலிருந்து, தானே தனக்கு வாங்கிய மெடலை எடுத்தார். சின்னக் கேட்டைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தார். ஜாக்கி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"இண்டிக் கண்ணு! வெளிய வாம்மா!"

தண்ணீர்க் குழாயும் கையுமாக நின்ற கெர்ரின் குறுக்கே வந்தாள். "வார்விக், அங்கேயே நில்லுங்க. உங்களுக்குச் சளி."

"ஒரே ஒரு போட்டோ கெர்ரின்! இது வெறும் தூசி..." சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்தது.

ஜன்னலில் இருந்த இண்டி இப்போது கதவுக்குப் பின்னால் இருந்தாள். "அம்மா, கதவத் தெறக்கவா?" தாழ்ப்பாள் அசைந்தது.

"தெறக்காத!"

வார்விக் இன்னொரு அடி வைத்தார். கெர்ரின் குழாயை அவர் பக்கம் திருப்பினாள்.

முதல் வீச்சில் கறுப்புக் கண்ணாடி பறந்தது. இரண்டாவது வீச்சு வாய்க்குள் போனது. அவர் பின்னால் நகர நகர அவள் முன்னால் வந்தாள். மஞ்சள் உடுப்பு சொட்டச் சொட்ட, கேட்டைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, கடைசியில் தன் சைக்கிள்மேலேயே மல்லாந்து விழுந்தார். உடனே டோபி "ஹோ!" என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். வெற்றி வீரனுக்கு நீராட்டு என்று நினைத்துவிட்டார்கள்!

வார்விக்கும் அப்படியே நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலையே வீடியோ வந்தது: 'ஆனந்தத்தில் ஒரு தாய் என்னைக் குளிப்பாட்டிய தருணம்.' ஊரே கண்கலங்கியது. மாதம் முழுக்க மிதித்தும் சேராத பணம் அந்த ஒரு குளியலில் சேர்ந்தது. உரிய இடத்துக்கு ஒழுங்காகப் போயும் சேர்ந்தது; அதை நான் மறுக்கவில்லை. அதுதான் எரிச்சலே. இவர்களை முழுசாகத் திட்டக்கூட விடமாட்டார்கள்.

அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் வார்விக் போர்வைக்குள் கிடந்தார். ஜாக்கி சூப் வைத்துக் கொடுத்தாள். இண்டிக்கு உடம்பு சுடவில்லை. ஏழு இரவும் அவள் தன் கட்டிலில் தூங்கினாள், பிஸ்கட் அவள் காலடியில். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. தினமும் ஜன்னலில் நின்று கேட்டாள்: "அம்மா, வார்விக் மாமா இன்னைக்கு வரலியா? வந்தா மறுபடி குழாயால பீச்சி அடிப்பியா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் மஞ்சள் உடுப்பு இல்லை, சைக்கிளும் இல்லை. சரி. ஆனால் போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பழப்பையோடு போய், நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் உங்கள் முதுகுவலியைச் சொல்லிக்கொண்டிருந்தது யார்? கிளம்பும்போது தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்தீர்களே, அதை அவரா கேட்டார்?

யோசித்துப் பதில் சொல்லுங்கள், அவசரமில்லை. தொண்டையைச் செருமுவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். என் கையிலும் குழாய் இருக்கிறது.