ரிக் சாரின் கையகலச் சீட்டு

புதுச்சத்திரத்திலிருந்து மோகனூர் வரை உள்ள அத்தனை கல்லூரிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ரிக் சாரைப் போல ஒரு வருஷம்கூடப் பாடத்தை முடிக்காத வாத்தியார் அகப்பட மாட்டார். இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் 'ரிக்' என்கிற போர்வெல் லாரியில் வடக்கே சுற்றியவர். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வகுப்பு முடிகிற நேரத்தில் பிள்ளைகளுக்குக் கையகலச் சீட்டு கொடுப்பார். புரியாததை எழுதித் தர வேண்டும். பெயர் போட வேண்டாம். மறுநாள் அங்கிருந்துதான் பாடம். மற்றவர்கள் மூன்றாம் அலகுக்குப் போன பிறகும் இவர் முதல் அலகிலேயே குடியிருப்பார்.

"எப்பத்தானுங்க சார் முடிப்பீங்க?" என்று கேட்டால், "போர் போடறப்ப ராடு சரசரன்னு எறங்குதுன்னு சந்தோசப்பட்டா ஆச்சுங்களா? மேல என்ன மண்ணு வருதுன்னு பாத்துட்டுத்தானுங்க அடுத்த ராடு மாட்டோணும்" என்பார்.

இந்த நேரம் பார்த்து மூன்று பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து, கல்லூரிகளில் பாடம் எப்படி நடக்கிறது, எப்படிச் சீராக்கலாம் என்று ஆராயக் கிளம்பின. எங்கள் கல்லூரியும் சேர்ந்தது. இரண்டிரண்டு ஆசிரியர்கள் ஜோடி. ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டும். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் நிர்வாகமோ, ஒப்பந்த ஆசிரியர்களில் யாரை வைத்துக்கொள்வது என்பதையும் அதே படிவத்தைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டது. நான் நிரந்தரம். என் ஜோடி ரிக் சார், ஒப்பந்தம்.

முதலில் என் கணித வகுப்பு. பலகையை மூன்று முறை நிரப்பி அழித்தேன். மணி அடிக்கவும் பாடம் முடியவும் சரியாக இருந்தது. பெருமையாகத் திரும்பினால், மனுஷன் பழக்க தோஷத்தில் என் பிள்ளைகளிடம் சீட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்!

சாயங்காலம் அதை ரப்பர் பேண்டு போட்டு என் கையில் கொடுத்தார். "படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லீங்க சார். உங்ககிட்டயே இருக்கட்டும்."

நாற்பது சீட்டில் ஒரே சேதி: முதல் பலகையிலிருந்தே புரியவில்லை. மிச்சமிருந்த ஒன்றில் மட்டும், 'சார் சட்டை நன்றாக இருந்தது.'

எனக்கு வந்ததே கோபம்! மறுநாள் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவரும் வந்திருந்தார். ரிக் சார் அவருக்கும் ஒரு சீட்டை நீட்டினார். "சங்கடப்படாம எழுதுங்க மேடம், பேரு வேண்டாமுங்க." அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே முன்னும் பின்னும் எழுதினார்.

என் படிவத்தில், 'திட்டமிட்ட பாடம் முடிந்ததா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று அழுத்தி எழுதினேன். பொய் இல்லை. ஆனால் கீழே குறிப்பு எழுத நாலு வரி இடம் இருந்தது. அவர் வகுப்பில் பிள்ளைகள் வாய் திறந்து கேள்வி கேட்டதை அங்கே எழுதியிருக்கலாம். வீம்புக்குக் காலியாக விட்டேன்.

ஜூனில் அவருக்கு வேலை இல்லை. அந்தப் படிவத்தை யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும். "வாரேனுங்க சார். சீட்டுக்கு வெட்டுன மிச்சக் காயிதத்த உங்க மேசையில வெச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தம்மம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் காகிதத்தைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன மாதம் கூட்டாய்வின் அறிக்கை வந்தது. முதல் பரிந்துரையே, வகுப்பு முடிவில் மாணவர்களிடம் புரியாததைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும் என்பதுதான். எங்கள் நிர்வாகம் ரோஸ் நிறத்தில் சீட்டு அச்சடித்து, குத்துவிளக்கு ஏற்றி விழாவே எடுத்தது. நன்றியுரை நான். பட்டியலில் இல்லாத ரிக் சாருக்கு முதல் நன்றி சொன்னேன். முதல்வர் முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

அன்று என் வகுப்பில் சீட்டு வாங்கினேன். பிறகு அவருக்குப் போன் போட்டு, அந்தப் படிவத்துக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாங் கெடக்குது உடுங்க சார். சீட்டுல என்ன வந்துச்சுங்க?"

"இருபது பேருக்குப் புரியலீங்க."

"அட, நாப்பது இருபதாயிருச்சா! ஈரமண்ணு வந்துருச்சுங்க சார், நிறுத்தீராதீங்க."

இப்போதும் சீட்டுகளை எண்ணிய கையோடு முதல் போன் அவருக்குத்தான். அவர் "ஏனுங்க சார்" என்று எடுக்கிற வரைக்கும் எனக்கு வகுப்பு முடிந்த மாதிரியே இருப்பதில்லை.