மிஸஸ் முருகேசன் யார்?

கல்யாணமான புதிதில் எல்லோருக்குமே கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கும். சிலர் மெஹந்தி அழிந்துவிடும் என்று பாத்திரம் கழுவமாட்டார்கள். சிலர் புதுத் தாலி கேமராவில் தெரிகிற மாதிரி வீடியோ மீட்டிங்கில் உட்காருவார்கள். (இரண்டையும் நான் செய்தேன்.) அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு 'மிஸஸ்' பைத்தியமும் பிடித்தது.

பெயர் விஷயத்தில் நான் படு கறார். பிறந்ததிலிருந்து தேன்மொழி முருகேசன். முருகேசன் என் அப்பா, குடியாத்தத்தில் பி.டி. வாத்தியார். தாலி ஏறியதற்காக அவரை இறக்கிவிட்டு என் கணவன் அருணின் பெயரை ஏற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. அருணுக்கும் அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

ஊரில் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், பெங்களூர் ஆபீஸ் நண்பர்களுக்காக எலெக்ட்ரானிக் சிட்டியில் ரிசப்ஷன் வைக்க ஆன்லைனில் ஹால் புக் செய்ய உட்கார்ந்தேன். பெயருக்கு முன்னால் ஒரு கட்டம். மிஸ், மிஸஸ், எம்-எஸ். எதையாவது ஒன்றைத் தொட வேண்டும்.

"எம்-எஸ் போடு தேனு. வம்பே இல்ல," என்றான் அருண்.

"அதைப் போட்டா எனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னே தெரியாதே?"

"தெரியாம இருக்கத்தான் அது."

"ஊருக்கே தெரியணும்னுதானேடா இந்த ரிசப்ஷனே!"

அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா மிஸஸ் முருகேசன்னா... அது உங்கம்மா இல்ல?"

"எங்கம்மா எதுக்குடா எலெக்ட்ரானிக் சிட்டியில ஹால் புக் பண்ணப் போறாங்க?" என்று சொல்லி, மிஸஸைத் தொட்டேன். ஆஹா, என்ன ஒரு சிலிர்ப்பு! உறுதிச் செய்தி 'அன்புள்ள மிஸஸ் முருகேசன்' என்று வந்தபோது அதை ஏழு பேருக்கு அனுப்பிவைத்தேன்.

ரிசப்ஷன் அன்று மாலை ஆறரைக்கு மேடையில் இருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஏழு மணிக்கு மேம்பாலச் சாலையில், பழுதாகி நின்ற ஒரு லாரிக்குப் பின்னால் இருந்தோம். தலையில் ஒரு கிலோ மல்லிகை, முகத்தில் அதைவிடக் கனமான மேக்கப். அப்போது என் டீமில் வேலை பார்க்கும் பவித்ரா போன் செய்தாள்.

"தேன், உங்கப்பா கேக் வெட்டறாரு."

"என்னது?"

"உங்கம்மா ஊட்டி விடறாங்க. செம்ம க்யூட்! நீங்க எப்ப வர்றீங்க?"

நடந்தது இதுதான். ஹால் மேனேஜர் மிஸஸ் முருகேசனுக்கு ஒரு மிஸ்டர் முருகேசனைத் தாமே சேர்த்து, கேக்கிலும் மேடைத் திரையிலும் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் முருகேசன்' என்று எழுதவைத்துவிட்டார். ஆறு மணிக்கே வந்து சேர்ந்த என் அப்பாவிடம் போய், "நீங்க மிஸ்டர் முருகேசனா சார்?" என்று கேட்டிருக்கிறார். பட்டு வேட்டியில் நின்ற அப்பா ஆமாம் என்றார். வேறென்ன சொல்வார்?

"பன்னி சார், பன்னி பன்னி!" என்று மேனேஜர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். கன்னடத்தில் 'வாங்க வாங்க'. அது தெரியாத அப்பா, யாரைத் திட்டுகிறான் இவன் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே மேடையேறிவிட்டார். பின்னாலேயே அம்மா. மாலை விழுந்தது. காகிதப் பூ வெடித்தது.

நாங்கள் ஹாலுக்கு ஓடி வந்து சேர்ந்தபோது, வாசலில் பன்னீர் தெளித்த பெண் புன்னகையோடு கேட்டாள்: "மேடம், பிரைட் சைடா, க்ரூம் சைடா?"

"நான்தான்மா பிரைட்!"

அவள் மேடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாவம், இந்தப் பெண்ணுக்கு ஏதோ பழைய சோகம் என்று நினைத்திருக்க வேண்டும். கூடுதலாக ஒரு தரம் பன்னீர் தெளித்தாள்.

மேடையில் தொகுப்பாளர் அப்பாவிடம் மைக்கை நீட்டியிருந்தார். "சார், ப்ரொபோஸ் பண்ணது நீங்களா, மேடமா?"

அப்பா அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்று, "ப்ரொபோசல் எங்க சின்ன மாமா மூலமா வந்துச்சு," என்றார். ஹாலே கைதட்டியது. என் மேலதிகாரி விசில் அடித்தார்! பவித்ராவைத் தவிர என் ஆபீஸ்காரர்கள் ஒருவர்கூட, மணமக்கள் எங்கே என்று கேட்கவில்லை. மேடையில் யார் நின்றால் என்ன, கை கொடுத்து போட்டோ எடுத்தால்தானே சாப்பிடப் போகலாம்?

பக்கவாட்டுப் படியில் ஏறப் போனேன். மேனேஜர் மறித்தார். "மேடம், லைன் இதெ. லைனல்லி பன்னி." வரிசையில் வரவேண்டுமாம்.

(ஆமாம், நின்றேன். மேக்கப் கண்ணீரில் கரைந்துகொண்டிருக்க, எனக்கு நானே எடுத்த ரிசப்ஷனில், என் மேலதிகாரிக்குப் பின்னால் பதினான்காவது ஆளாக நின்றேன். அருண் பதினைந்தாவது.)

ஒருவழியாக எங்கள் முறை வந்ததும் அப்பா குனிந்து, "பாப்பா, ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு நெனைக்கிறேன். ஆனா எறங்க விட மாட்டேங்கறாங்க," என்றார்.

பொங்கிக்கொண்டு வந்த கோபத்தோடு அம்மாவைப் பார்த்தேன். மாலையும் கன்னத்தில் கிரீமுமாக, அப்படியொரு வெட்கச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். இந்த அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்களுக்கு இதெல்லாம் எங்கடி நடந்துச்சு?" என்றாள் மெதுவாக. "காலைல கோயில்ல தாலி கட்டிட்டு, மத்தியானம் ஸ்போர்ட்ஸ் டேன்னு விசிலை எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு. ஒரு போட்டோகூடக் கிடையாது."

கோபம் போன இடம் தெரியவில்லை. நான் மைக்கைப் பிடுங்கி, "நான் இவங்க பொண்ணு. எனக்கும் இப்பதான் கல்யாணம் ஆச்சு. ஆனா மொதல்ல இவங்களுக்கு இன்னொரு மாலை கொண்டு வாங்க!" என்று கத்தினேன். அன்று இரண்டு ஜோடிக்கும் ரிசப்ஷன் நடந்தது. அப்பா ஆடக்கூட ஆடினார். உடற்பயிற்சி மாதிரிதான் இருந்தது, ஆனாலும் ஆடினார்.

மறுநாள் காலை எல்லாப் படிவங்களிலும் எம்-எஸ் என்று மாற்றிவிட்டேன். மிஸஸ் முருகேசன் பதவி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, அதுவும் தகுதியான ஆளால்.

குடியாத்தம் வீட்டுக் கூடத்தில் அவர்கள் கேக் வெட்டும் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. எங்களுடையது அலமாரியில் சின்னதாக ஒன்று. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா படத்தைக் காட்டி, என்னைத் திரும்பிப் பார்த்து, இன்றுவரை ஒரே குறையைத்தான் சொல்கிறாள்:

"எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. பெத்த பொண்ணுதான் எங்க ரிசப்ஷனுக்கு லேட்டா வந்தா."