தூளியில் தவிடு

தூளியில் பிள்ளை இல்லை; தவிடு இருந்தது.

ஜாபிர் சேலையை விலக்கி இன்னொரு முறை பார்த்தான். வாய் கட்டிய மஞ்சள் பை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அவன் மகன் முபாரக் படுத்திருந்த பள்ளத்தில் அது சொகுசாகப் படுத்திருந்தது. ஐந்து வயதான மூத்த மகள் ஷமீரா பக்கத்தில் நின்று தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இது யார் குடுத்தாம்மா?"

"தவிட்டு வண்டிக்கார மாமா."

"தம்பி எங்க?"

"தூக்கிட்டுப் போயிட்டாங்க," என்றாள், ஆட்டுவதை நிறுத்தாமல்.

ஜாபிர் பதறிப்போனான். பதறாமல் என்ன செய்வான்? முந்தின நாள் அவன் பேசிய பேச்சு அப்படி. பிள்ளை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூடியிருந்த நேரத்தில், தம்பியை ஆஸ்பத்திரியில் காசு கொடுத்து வாங்கினோம், உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று மூத்தவளிடம் சொல்லி வைத்தான். இந்தப் பக்கத்தில் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை யார்? எல்லோரும் சிரித்தார்கள். ஷமீரா மட்டும் சிரிக்காமல், எவ்வளவு தவிடு என்று கேட்டாள். ஒரு பை என்றான் இவன். பெரிய நெல் வியாபாரி மாதிரி கணக்காகச் சொல்லிவிட்டான்.

அவள் பிறந்தபோது அவன் குவைத்தில் இருந்தான். அவளுக்குப் பல் முளைத்ததையும் அவள் நடந்ததையும் போனில் பார்த்தவன். இந்தப் பிள்ளையையாவது கையில் வைத்து வளர்த்து, நல்ல தகப்பன் என்று பெயர் எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று லீவில் வந்திருந்தான். அதிலும் அந்தப் பெயரை ஒருத்தியின் வாயால் கேட்க வேண்டும். மனைவி ஹாஃபிஸாவின் அக்கா லத்தீஃபாதான் அந்த ஒருத்தி. ஆறு பிள்ளை பெற்றவள். பிரசவம் பார்க்க வந்து, வீட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை தங்கச்சிக்கு எண்ணெய் தேய்த்துவிட உள்ளே அழைத்துப்போகும்போது, பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று லத்தீஃபா சொல்லிவிட்டுத்தான் போனாள். ஜாபிரும் எடுக்கவில்லை. குவைத்திலிருந்து போன் வரும்வரை எடுக்கவில்லை. பேச்சுச் சத்தத்தில் பிள்ளை விழித்துவிடும் என்பதால் தெருமுனைவரை நடந்தபடி பேசிவிட்டு வந்தான். வந்து பார்த்தால் தூளியில் தவிடு.

லத்தீஃபாவிடம் போய், உன் தங்கச்சி மகனைத் தவிட்டுக்குப் போட்டாகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அதற்கு வாய்க்காலில் விழலாம். அவர்கள் குளித்து முடிப்பதற்குள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி வந்துவிடுவது என்று முடிவு செய்தான். பையைத் தன் பைக்கின் ஹேண்டிலில் மாட்டினான். வண்டிக்காரனை அடையாளம் காட்ட ஷமீராவை முன்னால் உட்காரவைத்தான். கதவைத் திறந்து போட்டதால்தானே இவ்வளவும் என்ற புத்தி அப்போதுதான் வந்தது. போய் வெளித்தாழ்ப்பாளைப் போட்டான்.

"அத்தா, பெரியம்மா..." என்று ஆரம்பித்தாள் ஷமீரா.

"பெரியம்மா பேரையே எடுக்காதே. வாய மூடிட்டு வா."

அவள் மூடிக்கொண்டாள்.

மன்னார்குடி ரோட்டில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அடித்துப் பிடித்துக்கொண்டு போய் மறித்தால் அது உப்பு வண்டி. உப்புக்காரர், தவிட்டு வண்டி ஆற்றுப்பாலம் பக்கம் போனதாகச் சொன்னார். அங்கே போனால் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், நடுவே ரோடு, ரோட்டில் ஒரு நாய். பிள்ளைக்குப் பசிக்குமே, மூட்டைகளுக்கு நடுவில் மூச்சு விடுமா, மேலே இன்னொரு மூட்டை சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபடியே ஓட்டியதில் பைக் இரண்டு முறை அணைந்தது. சாகப் பயந்தவனில்லை அவன். பாலைவனத்தில் கிரேன் மேல் ஏறி வேலை பார்ப்பவன். இப்போது ஒரு பை தவிடு அவனை உலுக்கி எடுத்தது.

செல்போன் கடை வைத்திருக்கும் சிநேகிதன் இப்ராஹிமுக்குப் போன் போட்டான். யாரிடமும் சொல்லாதே என்று மூன்று தரம் சொல்லி விஷயத்தைச் சொன்னான். இப்ராஹிமும் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினான். 'தவிட்டு வண்டியில் பச்சைக் குழந்தை கடத்தல், கண்டவர்கள் உடனே அழைக்கவும்' என்று ஜாபிரின் நம்பரோடு ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டான். அடுத்த நிமிஷமே போன் வந்தது. வண்டியைப் பிடித்துவிட்டார்கள். ஆளையும் பிடித்துவிட்டார்கள். எப்போது அடிக்கலாம் என்று கேட்டார்கள்.

வாய்க்கால் மதகருகே போய்ச் சேர்ந்தபோது அங்கே அரை ஊர் நின்றது. தவிட்டுக்காரர் வைரக்கண்ணுவின் சட்டையை நாலு கை பிடித்திருந்தது. ஒல்லியான மனிதர், யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிக் கும்பிட்டார். ஜாபிர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிமேல் பாய்ந்து மூட்டைகளைப் புரட்டினான். ஒவ்வொரு மூட்டையையும் தூக்கும்போது, அடியில் என்ன பார்க்கப்போகிறோமோ என்று கண்ணை மூடிக்கொண்டான். கூட இருந்தவர்கள் மூட்டைகளைக் கிழித்தே பார்த்துவிட்டார்கள். ரோடு முழுக்கத் தவிடு. பிள்ளை இல்லை.

"பிள்ளைய என்னய்யா பண்ணின?" என்று கேட்டான் ஜாபிர்.

"எந்தப் பிள்ளை பாய்? உங்க வாசல்ல இந்தப் பாப்பாதான் ஒரு பை தவிடு கேட்டுச்சு. எதுக்கும்மான்னேன். 'நான் எவ்வளவுன்னு பாக்கணும்'னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. சின்னப்புள்ள ஆசையா கேக்குதேன்னு கட்டிக் குடுத்தேன், காசுகூட வாங்கல."

தூசி பறந்து ஷமீராவுக்குத் தும்மல் வந்தது. அந்த நிலையிலும் வைரக்கண்ணுதான் அவளைத் தூக்கித் தன் வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்தார். ஜாபிர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். இவர் எடுக்கவில்லையென்றால் பிள்ளை எங்கே? பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றி இதுவரை கேள்விப்பட்ட கதையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. யா அல்லாஹ், என் உயிரை எடுத்துக்கொள், அவனைக் கொடுத்துவிடு என்று வாய்விட்டே சொன்னான்.

அப்போது ஹாஃபிஸாவின் போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தால், முதலில் கேட்டது குழந்தையின் அழுகை. முபாரக்கின் அழுகைதான். தொண்டை கிழிய அழுதான்.

"மச்சான், கதவ யாரு வெளிய தாப்பா போட்டது? தம்பியக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டுனாங்க லத்தீஃபா லாத்தா, சட்டி கவுந்து திரை பத்திக்கிச்சு. ஒரே புகை. தம்பிக்கு மூச்சு முட்டுது மச்சான்."

லத்தீஃபாதான் தூக்கிப் போயிருக்கிறாள். பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். போன உயிர் திரும்பி வந்து, வந்த வேகத்தில் மறுபடி போனது. அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. தாழ்ப்பாளைப் போட்டவன் இவன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் தன் பைக்கில் தாவி ஏறினான். வந்த வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தாழ்ப்பாளைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. லத்தீஃபா ஒரு குடம் தண்ணீரைக் கொட்டித் திரையை ஏற்கெனவே அணைத்திருந்தாள். இருமிக்கொண்டே பிள்ளையை ஈரத்துண்டில் சுற்றி வெளியே கொண்டுவந்தாள். முபாரக் திண்ணென்று இருந்தான். அழுது களைத்து விரலைச் சப்பத் தொடங்கியிருந்தான். ஜாபிர் அவனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரு பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் விம்மி விம்மி அழுதான். உடம்பெல்லாம் தவிடு, கண்ணீர் பட்ட இடம் மட்டும் முகம்.

கதவைப் பற்றிக் கேட்க வாயெடுத்த ஹாஃபிஸா அவன் அழுவதைப் பார்த்துவிட்டுத் தானும் அழுதாள். பக்கத்து வீட்டார் வந்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், தொட்டார்கள், திருஷ்டி என்றார்கள். லத்தீஃபா ஜாபிரை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குப் பாசம் இருக்காதுன்னு நெனச்சேன். பிள்ளைன்னா உயிரையே விடுறாரே," என்றாள் லத்தீஃபா, தங்கச்சியிடம். "நல்ல தகப்பன்தான்."

எந்த வாயிலிருந்து வர வேண்டுமோ அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. ஜாபிருக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போது அவன் போன் அடித்தது. தெரியாத நம்பர். பேசியது தவிட்டுக்கார வைரக்கண்ணு. ஜாபிர் அவரைப் பேசவிடாமல், தப்பு முழுக்கத் தன்மேல்தான், கொட்டிய தவிட்டுக்கெல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

"அது கெடக்கட்டும் பாய். நீங்க பையை எடுத்துக்கிட்டு பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போயிட்டீங்க. 'வாம்மா, உங்க வீட்டுல விடுறேன்'னா, 'எங்க அத்தாதான் தவிடு வாங்கிட்டாரே, இனிமே நான் உங்க வீட்டுப் பிள்ளை, வண்டிய எடுங்க மாமா'ங்குது."