தாளந்தப்பி மாஸ்டரும் இருதலைப் பாம்பும்

மகாராஜா காலத்து மைசூர் ராஜ்யத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் பேண்டு மாஸ்டரைப் போல் தாளம் தப்பாத மனிதர் ஒருவர் அகப்பட்டிருக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் 'தாளந்தப்பி மாஸ்டர்'. இந்த அநியாயம் நடந்தபோது நான் பக்கத்திலேயே, கையில் தடியோடு நின்றுகொண்டிருந்தேன்.

காலேஜில் படிக்க வந்த புதிது. சாமராஜபுரத்தில் ஒரு வட்டாரத்தில் எனக்கு வாடகை அறை. மைசூரில் வட்டாரம் என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு குடித்தனங்கள். இந்த வீட்டில் தும்மினால் எதிர்வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். மாஸ்டர் என் பக்கத்து அறை. கல்யாண பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர். ஆள் ஒல்லி. டிரம்மை மாட்டிக்கொண்டு நடந்தால், டிரம்முக்குக் கால் முளைத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

அவருக்கு உலகமே நாலு எண்ணிக்கையில் அடக்கம். கிணற்று ராட்டினம் நாலாவது எண்ணிக்கையில் கிறீச்சிட வேண்டும்; தவறினால் ராட்டினத்துக்கு வசவு விழும். நான் படியேறினால் உள்ளேயிருந்து குரல் வரும்: "தம்பி, இடது கால் லேட்டு!" ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில், குதிரை தாளத்துக்கு நடக்கவில்லை, அதை மாற்றுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். பெண்வீட்டார் குதிரையை வைத்துக்கொண்டு மாஸ்டரை மாற்றிவிட்டார்கள்.

ஓர் ஆடி மாதக் காலையில் வீட்டுக்காரம்மா போட்ட கூச்சலில் வட்டாரமே முற்றத்தில் கூடிவிட்டது. அந்த அம்மாள் கொள்ளேகால் பக்கத்துக்காரர்.

"ஓடியாங்க! மண்ணுமுக்கா வந்திருக்குதுங்க!"

வாழைமரத்தடியில் செம்மண் நிறத்தில் ஒன்று சோம்பலாகக் கிடந்தது. மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்பு என்றும் சொல்வார்கள். வாலும் தலையும் ஒரே மாதிரி மொண்ணையாக இருக்கும். விஷமில்லாத பரம சாது, எலி பிடித்துத் தின்று காலம் தள்ளும் என்பதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: அது நக்கினால் குஷ்டம் வரும்.

"என்ற மவ மத்தியானம் பிரசவத்துக்கு வாறாளுங்க. அதுக்குள்ள இதை அடிச்சுப் போடுங்க சாமி!" என்று என் கையில் ஒரு தடியைத் திணித்தார். எதிர்வீட்டுக் குமாஸ்தாவுக்கு இன்னொன்று.

நான் அதுவரை மூட்டைப்பூச்சிக்கு மேல் எதையும் கொன்றதில்லை. பாம்பைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

நல்லவேளை, ஒரு தர்க்கம் முளைத்தது. பாம்பை அடித்தால் தலையில் அடிக்க வேண்டும். இதில் தலை எது?

"ஆறு மாசம் இந்தப் பக்கம், ஆறு மாசம் அந்தப் பக்கம். ஆடி பொறந்தாச்சு, இப்போ தலை மாறியிருக்கும்" என்றார் குமாஸ்தா, ஆபீஸ் மாற்றல் உத்தரவைப் படிப்பவர் மாதிரி.

"ஒரு தலைய உட்டுப்போட்டா அது பழி வாங்கிப்போடுமுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல அடிக்கோணும்" என்று வீட்டுக்காரம்மா தீர்ப்புச் சொன்னார்.

ஒரே நேரத்தில் என்றதும் எல்லாத் தலையும் மாஸ்டர் அறைப் பக்கம் திரும்பியது. அவர் டிரம் குச்சியோடு வந்தார். பாம்பைப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஸ்வல்ப இருங்க. ஒத்திகை இல்லாம கச்சேரியா?" என்று எங்களை வெறுந்தரையில் அடிக்கவிட்டார். "குமாஸ்தா முந்தறார். தம்பி பிந்தறான். மறுபடியும்!" தரை புழுதியாயிற்று. பாம்புக்கு இந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை. கச்சேரி கேட்க வந்த மாதிரி அப்படியே கிடந்தது.

"போதுமுங்க மாஸ்டரே, அடிக்கச் சொல்லுங்க!"

வேறு வழியில்லை. "மூணுன்னு சொன்னதும் போடுங்க" என்று குச்சியை உயர்த்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணு... ரெண்டு... நாலு!"

மூன்றுக்காகக் காத்திருந்த குமாஸ்தா திடுக்கிட்டு வீசினார். அவர் தடி என் தடிமேல் விழுந்து, இரண்டும் வீட்டுக்காரம்மாவின் துளசிமாடத்தை நோக்கிப் பறந்தன. அந்த அமளியில் பாம்புக்கு ஒருவழியாக ரோஷம் வந்து, பொலபொலத்த வாழையடி மண்ணுக்குள் இறங்கியது. கடைசியாக நாலு விரல்கடை வெளியே தெரிந்தது. தலையோ வாலோ, அதுவும் போய்விட்டது.

"மூணு எங்கீங்க மாஸ்டரே?"

"தப்பிடுச்சம்மா" என்றார் மாஸ்டர், தலையைக் குனிந்துகொண்டு.

அன்று சாயங்காலமே பேண்டு வரைக்கும் சேதி போய்விட்டது. 'தாளந்தப்பி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று தெரியாதவனுக்கு டிரம் எதற்கு, ஜால்ராவைக் கொடுங்கள் என்றுகூடச் சிரித்தார்கள். மனிதர் வழக்கம்போல் டிரம்மை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்காரம்மாவின் கோபம் மகளுக்குக் குழந்தை பிறக்கும் வரை நீடித்தது. பிறந்தது இரட்டை. தாயும் பிள்ளைகளும் சௌக்கியம். "ரெட்டைத் தலைய உட்டதுக்கு ரெட்டைப் புள்ளைங்க!" என்று கேசரியை முதலில் மாஸ்டருக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது.

கேசரி தின்றுகொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "மாஸ்டர், உங்களுக்கா எண்ணிக்கை தப்பும்?"

"அந்தப் பாம்பு ஒரு பக்கம், நடுங்கிக்கிட்டு நீ ஒரு பக்கம். ரெண்டு பேர் பிழைக்க ஒரு மூணு போனா போகட்டும், தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு வட்டாரத்தில் அவரை வெறும் மாஸ்டர் என்று கூப்பிட்டவன் நான் ஒருவன்தான்.