கேட்டுச்சொல்றேன் கடையில் சரக்கு கேட்டவர்கள்

குடிக்க இடம் தேடி வந்தவர்களை, கையில் கம்பும் இல்லாமல், வாயில் கெட்ட வார்த்தையும் இல்லாமல், போலீசையும் கூப்பிடாமல், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வைத்த சாப்பாட்டுக் கடைக்காரர் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மீமிசல் சுற்றுவட்டாரத்தில் அவர் பெயர் 'கேட்டுச்சொல்றேன்'. மீன்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

நான் அப்போது ஒரு மருந்து கம்பெனியில் பிரதிநிதி. அறந்தாங்கியில் ரூம். வாரத்தில் ஒரு நாள் பைக்கில் கடலோரப் பக்கம் போய், டாக்டர்கள் முன்னால் பல்லைக் காட்டிவிட்டு, மத்தியானம் காய்ந்த வயிற்றோடு மீமிசலுக்கு வருவேன். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் அவர் கடை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, வாழை இலை. பின்னால் கடல். கடல் என்றதும் அலை, இரைச்சல் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கத்துக் கடலுக்கு அலையே கிடையாது. தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி சத்தமில்லாமல் கிடக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று நம்மையே பார்ப்பது போல இருக்கும். திரும்பினால் கடல்.

முதல் நாள் நான் போனபோது பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்க்காரர்கள் நாலு பேர். கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போகிற வழி. மீன் குழம்பை ஒரு வாய் வைத்ததுமே ஒருவர் அவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, சில்லுனு பீரு ஏதாச்சும் கெடைக்குங்களா?"

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு அறை இருந்தது. வாசலில் நீலத் திரை. அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். தணிந்த குரலில் அவர் பேசுவது கேட்டது. "நாலு பேரு. கோயமுத்தூரு வண்டி. பீரு கேக்குறாக." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு "சரி, சரி" என்றார். வெளியே வந்தார்.

"வேணாம்னுட்டாருங்க."

"யாருங்க, மொதலாளியா?"

"ஆமாங்க."

"வரச் சொல்லுங்ணா, நாங்க பேசிக்கிறோம்."

"அவரு வரமாட்டாருங்க. எறந்துட்டாரு. ரசம் ஊத்தவா?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துப் பார்த்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரைக்கு உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது. நெஞ்சுக்கூட்டில் தண்ணீர் கோத்துக்கொண்ட ஆள் இருமுகிற இருமல். அவர்கள் கேட்டிருந்த நண்டு வறுவல் வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. அந்த நண்டை அவர் என் இலையில் வைத்துவிட்டுப் போனார். பயம் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம். நண்டுதான் ஜெயித்தது.

பாவம், கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. மீன் வறுபடுகிற வாசம் வந்தாலே நம்மில் பாதிப் பேருக்கு அடுத்த கேள்வி தானாக வாயில் வந்துவிடும். 'குடும்பத்துடன் உணவருந்த ஏற்ற இடம்' என்று போர்டு வைத்தால், அது போலீசுக்காக வைத்த போர்டு, உள்ளே கேட்டால் கிடைக்கும் என்று நினைப்பார்கள். கேட்கிற விதத்தில்தான் வித்தியாசம். சிலர் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்ப்பார்கள். சிலர் "ஸ்பெஷலா எதுவும்...?" என்று பாதியில் நிறுத்திக் கண்ணடிப்பார்கள். ரிட்டையர்டு தாசில்தார் மாதிரி இருந்த ஒருவர், "தாகசாந்திக்கு ஏதேனும் வழி உண்டா?" என்று செந்தமிழில் கேட்டார். இல்லை என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "கடலோரத்துல கடையை வச்சுக்கிட்டு இல்லேங்கிறீங்களே!" சோறு இல்லை என்று சொல்லிவிட்ட மாதிரி ஒரு அதிர்ச்சி.

ஆனால் இவர் தானாக இல்லை என்று சொன்னதே கிடையாது. ஒவ்வொருவருக்காகவும் உள்ளே போவார், கேட்பார், வந்து சொல்வார். தாசில்தாருக்கு மட்டும் ஒரு தடவை கூடுதலாகப் போய்வந்தார். "நீங்க கேட்டது அவருக்கு வெளங்கலைங்க. வெவரமாச் சொல்லிட்டு வந்தேன். வேணாமாம்."

பாட்டிலைத் தாங்களே கொண்டுவந்து கூல்டிரிங்க்சில் கலந்து மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். அப்படி ஒரு ஆள் ஒரு நாள் எனக்கு எதிரே உட்கார்ந்து மூடியைத் திருகினார். திருகின அதே நொடியில் உள்ளே இருமல். அவர் மூடியைத் திருப்பி மூடினார். இருமல் நின்றது. மறுபடி திறந்தார். மறுபடி இருமல். மனிதர் பாட்டிலைப் பைக்குள் வைத்து ஜிப்பையும் இழுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எல்லாம் ஏற்பாடு, உள்ளே ஆளை உட்கார வைத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு கேட்டுச்சொல்றேன் ரோட்டோரம் மீன்காரரோடு விளைமீனுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சமையல் பார்க்கிற அவர் மனைவி பாக்கியம் அக்கா அடுப்படியில் என் கண் எதிரே நின்றார். கடையில் வேலைக்கு வேறு ஆளே கிடையாது. கை கழுவப் போகிற சாக்கில் திரையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கயிற்றுக் கட்டில். கடலைப் பார்த்து ஒரு ஜன்னல், கம்பி போட்டது. வேறு வாசல் கிடையாது. ஆளும் கிடையாது. கட்டிலின் நடுவில் கயிறு தொய்ந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க, யாரோ இப்போதுதான் எழுந்துகொண்ட மாதிரி அது மெதுவாக மேலே வந்தது. கயிறு அப்படி வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். கையைக் கழுவாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன தம்பி, பாத்துட்டீகளா?" என்றார் பாக்கியம் அக்கா, குழம்பைக் கிண்டிக்கொண்டே.

"அக்கா, உள்ள யாரு?"

"அதை விடுங்க. அங்கிட்டு ஒருத்தன் புதுசா கடை போட்டுருக்கான். கேக்குறதுக்கு முன்னாடியே கிளாஸைக் கொண்டாந்து வைக்கிறானாம். வண்டி பூராம் அங்கிட்டுத்தான் நிக்கிது. இங்கிட்டு இந்த மனுசன் செத்தவுகளைக் கேட்டுக்கிட்டுத் திரியிறாரு. கூடிய சீக்கிரம் கடையை மூடிட்டுப் போகப் போறோம், பாருங்க."

"நீங்க சொல்லக்கூடாதாக்கா?"

"என்னத்தச் சொல்றது? உள்ள இருக்குறது எங்கண்ணன்ல."

அவர் சொன்ன மாதிரியே கூட்டம் வற்றிக்கொண்டு வந்தது. சில நாள் நானும் கடலும் மட்டும்தான். கணவாய் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள், பிறகு நண்டை. அக்கா பாத்திரங்களை யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் இரண்டு பெரிய வண்டிகள் வந்து நின்றன. ஒரு கும்பல் இறங்கியது. அவர்களுக்குத் தலைவர் ஒரு காண்டிராக்டர், புதுக்கோட்டைக்காரர். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற வழுக்கை, ரோட்டுக்குக் கேட்கிற குரல்.

"பெரியவரே, ஐஸும் கிளாஸும் மட்டும் குடுங்க. மத்ததெல்லாம் வண்டியில இருக்கு."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

உள்ளே போனார். பேசுவது கேட்டது. அதன்பின் வழக்கமான "சரி, சரி" வரவில்லை. நான் சோற்றைப் பிசைந்து முடித்தேன். இன்னும் வரவில்லை. திரை விலகியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"குடிக்கலாமாம்" என்றார்.

பாக்கியம் அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "என்னது?"

"குடிக்கலாம்ங்கிறாரு. ஆனா இவுகளை மட்டும் உள்ள வந்து ஒக்காரச் சொல்றாரு. தனியா குடிக்க மாட்டாராம்."

காண்டிராக்டர் கூரை அதிரச் சிரித்தார். "அடேய், மொதலாளிக்கு நம்ம கூட ஒக்காரணுமாம்டா!" ஒரு பாட்டிலையும் இரண்டு கிளாசையும் எடுத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

கூட வந்தவர்கள் முதலில் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு பேச்சுக் குறைந்தது. பிறகு யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து பேச்சும் இல்லை, இருமலும் இல்லை. ஒருவர் எழுந்து திரைவரை போய், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

காண்டிராக்டர் வெளியே வந்தபோது பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருந்தது. இரண்டு கிளாசும் காலி. வெறுங்காலோடு நின்றார், பாதம் இரண்டும் ஈரமாக இருந்தன. குரல் அந்த ஆளுடைய குரலே இல்லை.

"முன்னாடி இங்க ஒருத்தரு இருப்பாரே, பெரிய மீசை வச்சுக்கிட்டு. அவரு எங்க?"

"அதான் எங்கண்ணன்" என்றார் பாக்கியம் அக்கா. "எறந்து ஏழெட்டு வருசமாச்சு. சாப்பிட வந்தவுகளோட ஒக்காந்து குடிச்சுட்டு, கடல்ல குளிக்கப் போனுச்சு. சேத்துல காலு பொதைஞ்சு போச்சு. மக்யா நாளு விடிஞ்சதும் வலைக்காரவுகதான் கொண்டாந்து போட்டாக."

காண்டிராக்டர் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"குளிச்சுட்டு வாரேன், நீங்க பொறப்படுங்கன்னாரு. நாங்க பொறப்பட்டுட்டோம்மா. வந்துருவாருன்னு நெனைச்சோம். எனக்கு இப்பத்தான் தெரியும். சத்தியமா இப்பத்தான் தெரியும்." திரைப்பக்கம் கையைக் காட்டி, "உள்ள ஒரு ஈர வேட்டி தொங்குது. சொட்டிக்கிட்டே இருக்கு" என்றார்.

"உள்ள நாங்க துணி காயப்போடுறதே இல்லையே" என்றார் அக்கா.

அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம். வேட்டி இல்லை. கொடியே இல்லை. கட்டிலுக்குக் கீழே தரை மட்டும் நனைந்திருந்தது. உப்புச் சேற்றின் வாடை அடித்தது. அக்கா குனிந்து அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து, ஒரு இலையைக் கழுவிக் காண்டிராக்டர் முன்னால் போட்டார்.

"எந்திரிச்சுக் கையைக் கழுவுங்க. எங்கண்ணன் வச்ச கடை இது. வந்தவுகளைப் பசியோட அனுப்புனா அதுக்குப் பிடிக்காது."

அந்த மனிதர் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். கூட வந்தவர்களும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். பாட்டில் வண்டிக்குத் திரும்பிப் போய்விட்டது.

வண்டிகள் போனபிறகு கேட்டுச்சொல்றேன் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப நான் சப்ளை தம்பி. யாரு பாட்டிலு எடுத்தாலும் நீயா முடிவு பண்ணாத, என்னையக் கேளுன்னு மச்சான் சொல்லியிருந்தாரு. அன்னிக்கும் கேட்டேன். 'குடிக்கட்டும்டா, நானும் வாரேன்'னாரு. அன்னிக்கு ஒரு நாளு வேணாம்னு சொல்லியிருக்கலாம். இப்பத் தெனமும் சொல்றாரு."

"அந்த ஆளைப் பாத்ததும் ஒங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"எனக்கெங்க தெரியும்? அப்ப அவுகளுக்குத் தலை நெறைய முடி. மச்சானுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

முதுகுத்தண்டு சில்லிட்டது என்று எழுதுவார்களே, எனக்கு முழங்கால் வரைக்கும் சில்லிட்டது.

அதற்குப் பிறகு இருமல் கேட்கவில்லை. யாராவது சரக்கு கேட்டால் அவர் வழக்கம்போல உள்ளே போவார், வர நேரமாகும், வந்து வேணாம் என்பார். ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இப்பல்லாம் பதிலு வரமாட்டேங்குது தம்பி. நானே வேணாம்னு சொல்லிர்றேன்." சொந்தக்காரர் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்ட வீட்டில் ஒரு முகம் இருக்குமே, அந்த முகம். அவ்வளவு நாள் பயந்து செத்த எனக்கே அன்று அந்த அறை வெறிச்சென்று தெரிந்தது.

கடையை மூடவில்லை. காண்டிராக்டர் போய் என்ன சொன்னாரோ, பெண்டு பிள்ளைகளோடு வருகிறவர்கள் கூடினார்கள். குடிகாரன் தொந்தரவில்லாமல் உட்கார்ந்து மீன் சாப்பிட ஒரு இடம் என்று பேராயிற்று. காண்டிராக்டரே எப்போதாவது தனியாக வந்து ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். நண்டு திரும்ப வந்தது.

நான் இப்போது வேறு வேலையில் புதுக்கோட்டையோடு இருக்கிறேன். மனைவிக்கு ஊர் ராமநாதபுரம். போகும்போதெல்லாம் அந்தக் கடைக்கு வண்டியை விட்டுவிடுவேன். போன தடவை கேட்டுச்சொல்றேனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் என் மகளுக்கு முள்ளைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது ரோட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி, என் காரைத் திருப்பிவிட்டார். "பைய போங்க, பைய போங்க" என்று கண்ணாடியில் தெரிகிற மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

ராமநாதபுரம் போக இதைவிட நல்ல ரோடு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் என் மனைவி சொல்கிறாள். இருக்கிறதுதான். அந்த ரோட்டில் எனக்காக வெயிலில் நிற்க யார் இருக்கிறார்கள்?